மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிய பையன்

எட்டாவது வரை எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடம். அந்த வருஷம் ஒரு கட்டுரைப் போட்டியில் எனக்கு ஆறுதல் பரிசாக வந்த புத்தகம் 'சத்திய சோதனை'. அப்போது அதைப் புரட்டியதோடு சரி. முப்பது வருஷம் கழித்துப் போன மாதம் அலமாரியை ஒழுங்கு பண்ணும்போது மறுபடி கையில் வந்தது. முதல் பாகத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். படித்தபோது ஒன்று உறைத்தது. நாம் காந்தியைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், ஆனால் ஹைஸ்கூலில் பேச ஆளில்லாமல் திணறிய மோகன்தாஸ் என்கிற பையனைப் பற்றிப் பேசுவதே இல்லை. இந்தக் குறிப்பு அவனைப் பற்றியது. அவனுக்குக் கிடைத்த ஒரு நண்பனைப் பற்றியதும்கூட.

போர்பந்தரில் 1869-ல் பிறந்த பையன். அப்பா கரம்சந்த் ராஜ்கோட்டில் வேலைக்குப் போனதால் ஏழு வயது வாக்கில் குடும்பமும் அங்கே போய்விட்டது. அங்கே ஆரம்பப் பள்ளி, பிறகு இன்னொரு பள்ளி, கடைசியாக 1880 இறுதியில் கத்தியவார் ஹைஸ்கூல். ஜுனாகட் நவாப் பணத்தில் கட்டிய பெரிய கல் கட்டடம். பிற்பாடு ஆல்ஃபிரட் ஹைஸ்கூல் என்ற பெயரில் பிரபலமானது. பள்ளிக்கூடத்தை 2017-ல் மூடிவிட்டார்கள், இப்போது அது காந்தி மியூசியம். அங்கே போகிறவர்கள் எல்லாரும் ஒரு மகாத்மா படித்த வகுப்பறையைப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த மகாத்மா அங்கே படித்த காலத்தில் மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாக உள்ளே நுழைந்து, கடைசி மணி அடித்ததும் வீட்டைப் பார்த்து ஓடியிருக்கிறார். நிஜமாகவே ஓட்டம்தான். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ, கிண்டல் பண்ணிவிடுவார்களோ என்ற பயம். தனக்குப் புத்தகங்களும் பாடங்களும்தான் துணை என்று அவரே எழுதுகிறார்.

அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். டவுன் பள்ளியில் முதல் மூன்று மாதம் மத்தியான இடைவேளையில் நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்பேன். தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி நின்றால் தனியாக நிற்பது தெரியாது பாருங்கள். அந்த வயதில் தனியாக இருப்பதைவிடத் தனியாக இருப்பது மற்றவர்களுக்குத் தெரிவதுதான் பெரிய அவமானம்.

ஹைஸ்கூல் முதல் வருஷத்தில் நடந்த அந்த 'கெட்டில்' கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்ஸ்பெக்டர் ஜைல்ஸ் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொல்கிறார். மோகன்தாஸ் 'கெட்டில்' என்பதைத் தப்பாக எழுதுகிறான். வாத்தியார் பூட்ஸ் நுனியால் சீண்டி, பக்கத்துப் பையன் சிலேட்டைப் பார்த்து எழுது என்று ஜாடை காட்டுகிறார். இவனுக்குப் புரியவில்லை, நாம் காப்பியடிக்காமல் இருக்கத்தானே வாத்தியார் காவல் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்கிறான். இதை நேர்மைக்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. கொஞ்சம் வேறு பக்கமிருந்து பாருங்கள். வகுப்பில் இவனைத் தவிர எல்லாரும் ஐந்து சொற்களையும் சரியாக எழுதிவிட்டார்கள். வாத்தியார் பின்னால் இவனைக் கூப்பிட்டு, உன் முட்டாள்தனம்தான் இது என்று புரியவைக்கப் பார்த்தார். மொத்த வகுப்புக்கும் புரிந்த ஒரு ஜாடை ஒரே ஒரு பையனுக்குப் புரியவில்லை. நேர்மை சரி. கூட்டத்தோடு ஒட்டாமல் இருந்ததற்கும் இதைவிடத் துல்லியமான சாட்சி வேண்டுமா?

இன்னொன்று. தலைமை ஆசிரியர் கிமி பெரிய வகுப்புப் பையன்களுக்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். மோகன்தாஸுக்கு இரண்டும் பிடிக்காது. கூச்சம் ஒரு காரணம், வீட்டில் அப்பாவுக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. ஒரு சனிக்கிழமை காலைப் பள்ளி, சாயங்காலம் நாலு மணிக்கு உடற்பயிற்சி. கையில் கடிகாரம் இல்லை, மேகமூட்டம் வேறு. நேரம் தெரியாமல் இவன் போய்ச் சேரும்போது எல்லாரும் போய்விட்டார்கள். மறுநாள் காரணம் சொன்னால் கிமி நம்பவில்லை. ஓரணாவோ இரண்டணாவோ அபராதம். காசு போனதற்காக அல்ல, பொய்யன் என்று தன்னை முடிவு கட்டிவிட்டார்களே என்றுதான் பையன் அழுதான்.

இதற்கு நடுவில் கல்யாணம். பதின்மூன்று வயதில். காந்திக்கும், அவருடைய அண்ணன் கர்சன்தாஸுக்கும், ஒரு சித்தப்பா–பெரியப்பா வழி அண்ணனுக்கும் சேர்த்து ஒரே பந்தலில் மூன்று கல்யாணம். செலவு மிச்சம்! அதனால் மோகன்தாஸுக்கு ஒரு வருஷப் படிப்பு வீணானது, கர்சன்தாஸ் படிப்பையே விட்டுவிட்டார்.

இப்போது நண்பனுக்கு வருவோம். ஹைஸ்கூலில் வெவ்வேறு காலத்தில் தனக்கு நெருக்கமாக இருந்தவர்கள் இரண்டே பேர் என்கிறார் காந்தி. முதல் நண்பன் தன்னை விட்டுப் போனான் என்றும், இரண்டாமவனோடு தான் சேர்ந்ததுதான் அதற்குக் காரணம் என்றும் ஓரிரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவன் யார், என்ன படித்தான், எங்கே உட்கார்ந்து பேசினார்கள், ஒன்றும் கிடையாது. நான் அந்த வரியில்தான் ரொம்ப நேரம் நின்றேன். ஓட்டமாக வீட்டுக்குப் போகிற ஒரு பையனுக்கு எப்படியோ ஒரு நண்பன் கிடைத்திருக்கிறான், அவனையும் இழந்திருக்கிறான். அதன் பிறகுதான் இரண்டாமவன் முழுசாக அவனை எடுத்துக்கொள்கிறான்.

இரண்டாமவனின் பெயரை 'சத்திய சோதனை' சொல்வதில்லை. அவர் ஷேக் மேதாப் என்பதை வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் வேறு ஆவணங்களிலிருந்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். ஏன் பெயரை விட்டார்? நவஜீவன் இதழில் அந்தத் தொடர் 1925 கடைசியில் ஆரம்பிக்கிறது. கிலாபத் ஒற்றுமை உடைந்து, ஊருக்கு ஊர் இந்து–முஸ்லிம் கலவரம் நடந்துகொண்டிருந்த நேரம். அப்போது ஒரு முஸ்லிம் பெயரை இந்தக் கதையில் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? இது என் ஊகம்தான். ஆனால் அப்படி விட்டது நல்லதுக்கே என்று தோன்றுகிறது. இது மதத்தின் கதையும் இல்லை, பதினாலு வயதின் கதை.

மேதாப் முதலில் கர்சன்தாஸின் நண்பர், வகுப்புத் தோழர். அண்ணனின் நண்பன் நமக்கு நண்பனாவது ஒரு தனி ரகம், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வயதில் மூத்தவன், தைரியசாலி, நம்மையும் ஓர் ஆளாக மதித்துப் பேசுகிறான் என்கிற கிறக்கம் இருக்கிறதே! மேதாப் நன்றாக ஓடுவார், உயரம் தாண்டுவார், நீளம் தாண்டுவார், எவ்வளவு அடித்தாலும் தாங்குவார். இந்தப் பக்கம் மோகன்தாஸுக்குத் தாண்டவும் வராது, ஓடவும் வராது. (பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஓடுவது வேறு கணக்கு.) திருடன் பயம், பேய் பயம், பாம்பு பயம். விளக்கு இல்லாமல் தூக்கம் வராது. பக்கத்தில் படுத்திருக்கும் கஸ்தூர்பாவுக்கோ இந்தப் பயம் ஒன்றுமே கிடையாது. அதையும் வெளியில் சொல்ல முடியாத வெட்கம். நண்பனோ, உயிருள்ள பாம்பைக் கையில் பிடிப்பேன் என்கிறான், பேய் கீய் எல்லாம் நம்புவதில்லை என்கிறான். எல்லாம் கறி சாப்பிடுவதால் வந்தது என்கிறான்.

மேதாப் எப்படிப் பேசி மசிய வைத்தார் என்பதை காந்தி விவரமாக எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் சீர்திருத்த ஜுரம் அடித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலேயன் நம்மை ஆள்வதற்குக் காரணம் அவன் மாமிசம் தின்று பலசாலியாக இருப்பதுதான் என்று குஜராத்திக் கவிஞர் நர்மதின் பாட்டு ஒன்று பள்ளிப் பையன்கள் வாயில் புழங்கியது. நம் வாத்தியார்கள் பலரும் ரகசியமாகக் கறி தின்கிறார்கள், மது குடிக்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிலரும் இதில் உண்டு என்று மேதாப் சொல்லி, பெயர்களையும் அடுக்குகிறார். அண்ணன் கர்சன்தாஸே ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டார். எல்லாரும் செய்கிறார்கள், உனக்குத்தான் தெரியாது! கெட்டில் சம்பவத்தில் தனியாக நின்ற பையனிடம் போய்ச் சொல்ல இதைவிடச் சரியான வசனம் கிடையாது. இந்த முறை ஜாடை புரிந்துவிட்டது.

ஆற்றங்கரையில் ஒதுக்குப்புறமாக ஓர் இடம். பேக்கரி ரொட்டியும் ஆட்டுக்கறியும். கறி தோல் மாதிரி இருந்தது, தின்ன முடியாமல் குமட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். அன்று ராத்திரி கண்ணை மூடினால் வயிற்றுக்குள் ஆடு கத்துவது மாதிரி இருந்ததாம். மேதாப் விடவில்லை. அடுத்த தடவைகளில் விதவிதமான பதார்த்தங்கள். இடமும் ஆற்றங்கரை இல்லை, சமஸ்தானத்து மாளிகை ஒன்றின் சாப்பாட்டுக் கூடம், மேஜை நாற்காலியோடு. தலைமைச் சமையல்காரரைக் கையில் போட்டுக்கொண்டு மேதாப் ஏற்பாடு செய்தது. ஒரு வருஷத்தில் ஆறு தடவைக்கு மேல் இருக்காது என்கிறார் காந்தி. அத்தனைக்கும் பணம் மேதாப் கையிலிருந்து போனது. எப்படி வந்தது என்று இவருக்குத் தெரியாது.

சும்மா சொல்லக்கூடாது, மேதாப் இந்த நட்புக்காக நிறையவே உழைத்திருக்கிறார். இந்த இடத்தில்தான் 'பொய் நட்பு' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. ஒரு சின்னப் பையனைக் கெடுத்து இவருக்கு என்ன லாபம்? திவான் வீட்டுப் பிள்ளை என்பது ஒரு கவர்ச்சியாக இருந்திருக்கலாம். அல்லது, தன்னை அண்ணாந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்கிற ஏக்கமாகவும் இருந்திருக்கலாம். அதுவும் ஒரு தனிமைதான்.

இன்னொன்றும் உண்டு. இந்த நட்பில் காந்தியும் முழு உண்மையாக இல்லை. அம்மா, பெரியண்ணன், மனைவி மூன்று பேரும் எச்சரிக்கிறார்கள். மனைவி சொல்வதைக் கணவன் என்கிற மிடுக்கில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவிடமும் அண்ணனிடமும் ஒரு நல்ல பதிலை வைத்திருந்தார்: அவன் குறைகள் எனக்குத் தெரியும், ஆனால் அவன் நல்ல குணங்கள் உங்களுக்குத் தெரியாது, நான் அவனைத் திருத்தத்தான் பழகுகிறேன் என்று. அவர்களும் விட்டுவிட்டார்கள். ஒருவனைத் திருத்த வேண்டிய ஆளாக மனதில் வைத்துக்கொண்டு, அவன் தோளில் கைபோட்டு நடப்பது என்ன நட்பு? நண்பனாக இருந்துகொண்டே சீர்திருத்தக்காரனாகவும் இருக்க முடியாது என்று ஐம்பத்தாறு வயதில் அவரே ஒப்புக்கொள்கிறார். பதினாலு வயதில் அது தன்னையே ஏமாற்றிக்கொள்ள ஒரு சாக்கு. எனக்கு நண்பன் வேண்டும் என்று வீட்டில் சொல்ல முடியுமா? அவனைத் திருத்தப் போகிறேன் என்று சொல்லலாம்.

கறி சாப்பிட்டுவிட்டு வந்த நாளில் வீட்டில் சாப்பிட முடியாது. அம்மா கேட்டால், பசியில்லை, ஜீரணம் சரியில்லை என்று பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய்தான் அரித்தது. கடைசியில், அப்பா அம்மா இருக்கும்வரை தொடமாட்டேன், அவர்கள் காலத்துக்குப் பிறகு பகிரங்கமாகவே சாப்பிடுவேன் என்று மேதாபிடம் சொல்லி நிறுத்திவிட்டார். நிறுத்தியது கறியை மட்டும்தான். நட்பை நிறுத்தவில்லை.

அதன் பிறகு நடந்தவை இன்னும் மோசம். ஒரு தடவை மேதாப் அவரை ஒரு விலைமாதர் வீட்டுக்கு அழைத்துப் போய், பணத்தையும் முன்கூட்டியே கட்டி, உள்ளே அனுப்பிவைத்தார். இவர் கட்டிலில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வாயடைத்து உட்கார்ந்திருந்தார். அவள் பொறுமை இழந்து, திட்டி, வாசலைக் காட்டிவிட்டாள். இந்தச் சம்பவத்தை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இதைவிடக் கனமாகப் படுவது கஸ்தூர்பா விஷயம். ஏற்கெனவே சந்தேகக் கணவன், மனைவி கோயிலுக்குப் போகவும் தன் அனுமதி வேண்டும் என்று நினைத்தவன். அந்தச் சந்தேகத் தீயை நண்பன் ஊதிவிட்டுக்கொண்டே இருந்தான். அதை நம்பி மனைவியைப் படுத்திய பாட்டுக்குத் தன்னை ஒருநாளும் மன்னித்துக்கொள்ளவில்லை என்கிறார் காந்தி. பையன்கள் இருவர் நட்பில் விலை கொடுத்தது அந்த நட்புக்குள்ளேயே இல்லாத ஒரு பெண். கதையை மேதாப்–காந்தி என்று மட்டும் சொல்லும்போது இது விட்டுப்போய்விடுகிறது.

கர்சன்தாஸுக்கு ஏற்பட்ட இருபத்தைந்து ரூபாய்க் கடனை அடைக்கத் தங்கக் காப்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததும், அதை ஒரு தாளில் எழுதி நோயாளியான அப்பாவிடம் நீட்டியதும், அப்பா கண்ணீர் விட்டு அந்தத் தாளைக் கிழித்ததும் பள்ளிப் பாடங்களிலேயே உண்டு. திருட்டைத்தான் அவர் அப்பாவிடம் சொன்னார். தங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் கறி சாப்பிட்டது பெற்றோருக்குக் கடைசி வரை தெரியாது. கரம்சந்த் 1885-ல் இறந்தார். 1887-ல் மோகன்தாஸ் மெட்ரிகுலேஷன் தேறினார், நாற்பது சதவீதத்துக்கும் குறைவான மதிப்பெண்ணில்.

நட்பு அத்தோடு முடிந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. 1888-ல் பத்தொன்பது வயதுக் காந்தி எழுதிய லண்டன் நாட்குறிப்பில் மேதாப் பெயரோடு வருகிறார், தந்திரக்காரர் என்ற அடைமொழியோடு. சீமைப் படிப்புக்குப் பணம் தேடி அலைந்த நேரம். உதவுவதாகச் சொன்ன ஓர் உறவினருக்கு மேதாப் காந்தியின் கையெழுத்தைத் தானே போட்டு, ஐயாயிரம் ரூபாய் வேண்டும் என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டார்! இதை எழுதும்போது காந்தியிடம் கோபமே தெரிவதில்லை, நண்பனின் குறும்பைச் சொல்லும் தொனிதான். முப்பத்தேழு வருஷம் கழித்து 'என் வாழ்க்கையின் துயரம்' என்று குறிப்பிட்ட அதே நட்பு. இரண்டில் எது உண்மை? இரண்டும் அந்தந்த வயதில் உண்மைதான் என்று வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

1890களின் நடுவில் டர்பனில் பாரிஸ்டர் காந்தி தனிவீடு எடுத்திருக்கிறார். கூட ஒத்தாசைக்கு வந்து தங்கியிருப்பவர் மேதாப். அதே வீட்டில் காந்தியின் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரும் இருந்தார். அவர் மேல் மேதாபுக்குப் பொறாமை. ஏதேதோ பின்னி, காந்திக்கு அவர் மேல் சந்தேகம் வர வைத்துவிட்டார். குமாஸ்தா வீட்டை விட்டே போய்விட்டார். பிறகு ஒரு நாள் மத்தியானம் சமையல்காரர் ஆபீஸுக்கு ஓடி வந்து, உடனே வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிறார். போனால் மேதாபின் அறை சாத்தியிருக்கிறது. தட்டினால் பதில் இல்லை. சுவர் அதிரத் தட்டிய பிறகு கதவு திறக்கிறது. உள்ளே ஒரு விலைமாது. உன்னை அம்பலப்படுத்துவேன் என்று மேதாப் மிரட்ட, எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, தாராளமாகச் சொல் என்று காந்தி போலீஸுக்கு ஆள் அனுப்பத் தயாராக, மேதாப் மன்னிப்புக் கேட்டு வெளியேறுகிறார். அந்தச் சமையல்காரரும் அன்றே கிளம்பிவிட்டார். இவ்வளவு சுலபமாக ஏமாறுகிற ஆளிடம் வேலை பார்க்க முடியாது என்று அவர் சொன்னாராம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த மனிதர் அவர்தான். குமாஸ்தாவிடம் காந்தி எவ்வளவோ சமாதானம் பேசியும் அந்த விரிசல் முழுசாக ஒட்டவில்லை. ராஜ்கோட்டில் மனைவி விஷயத்தில் நடந்தது டர்பனில் குமாஸ்தா விஷயத்தில் திரும்ப நடந்திருக்கிறது, அதே ஆள் ஊதிய அதே தீ.

இதை வைத்து எரிக் எரிக்சன் என்கிற உளவியலாளர் 1969-ல் தன் புத்தகத்தில் நிறைய எழுதியிருக்கிறார். தனக்குள்ளே இருந்த பேயைத் தூக்கி வெளியே ஓர் ஆளின் மேல் சுமத்திப் பார்க்கக் காந்திக்கு மேதாப் தேவைப்பட்டார் என்பது அவர் வாதத்தின் போக்கு. முழுசாக ஒத்துக்கொள்ளாவிட்டாலும், மேதாபை வில்லனாகப் பார்ப்பதைவிட இது மேல். காந்தியே இந்த அனுபவத்திலிருந்து எடுத்த முடிவு வேறு: தனிப்பட்ட நெருக்கமான நட்பே ஆபத்து, மனிதன் நல்லதைவிடக் கெட்டதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வான் என்று. ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் எழுதிய கட்டுரையில் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். சிலர் மேல் மட்டும் அதிகப் பாசம் வைத்து, அதனால் வரும் அடியையும் வாங்கிக்கொள்வதுதானே மனித வாழ்க்கை என்பது அவர் கட்சி. நான் ஆர்வெல் பக்கம். காந்தியும் சொன்னபடி நடந்தார் என்று சொல்லமுடியாது. கட்டடக் கலைஞர் காலன்பாக்கோடு ஜோகன்னஸ்பர்க்கில் ஒரே வீட்டில் வாழ்ந்தார். 1910-ல் டால்ஸ்டாய் பண்ணைக்கு 1,100 ஏக்கரைக் கொடுத்ததும் அந்த நண்பர்தான்.

எனக்கும் ஒன்பதாவதில் ஒரு நண்பன் கிடைத்தான். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டவன். என் அண்ணன் சைக்கிளில் நான் வந்த நாள் வரைக்கும் அவன் என்னோடுதான் இருந்தான். அண்ணன் வேலைக்குப் போய் சைக்கிளையும் எடுத்துக்கொண்ட வாரத்திலேயே மத்தியானத்தில் எனக்கு இடம் இல்லாமல் போனது. ஆனாலும் அந்த ஆறு மாதம் நான் மணி அடித்ததும் ஓடவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மேதாப் தென்னாப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொண்டார். பிற்காலத்தில் காந்தியின் சத்தியாகிரகத்தைப் பாராட்டி அவர் எழுதிய பாட்டுகள் 'இந்தியன் ஒப்பினியன்' இதழிலேயே வந்தன. 1913 போராட்டத்தில், தில்லையாடி வள்ளியம்மையும் மற்றத் தமிழ்ப் பெண்களும் சிறைக்குப் போன அதே போராட்டத்தில், மேதாபின் மனைவி ஃபாத்திமா தன் தாயாரோடு சிறைக்குப் போனார். கஸ்தூர்பாவும் அப்போது சிறையில்தான் இருந்தார்.